ரவி தன் கன்னத்தை வெட்டிக்கொண்ட நாள்

ரவி போய்விட்டான்.

கொடகவெல பஜார் சலூனில் ஒன்பது வருடம் என் பக்கத்து நாற்காலியில் வேலை செய்த ரவி. எலிக்காய்ச்சல். சும்மா காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு நின்றே வேலை செய்திருக்கிறான். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும்...

காலையில் அவன் மனைவி மலர் கோல் எடுத்தார். "அண்ணே, அவரு போய்ட்டாருங்க." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கட்டாரில், நான் வேலை செய்யும் சலூனின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன். இந்த மனதோடு யார் கழுத்தில் கத்தி வைப்பது?

ஊரில் பலருக்குத் தெரியும், நான் இங்கே வருவதற்கு முன் எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எப்போதும் என்னிடம் வரும் ஹாட்வெயார் கடை ஹாஜியார் ஒரு நாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நான் வரப் பிந்திவிட்டேன், அவ்வளவுதான் விஷயம்.

"என் கஸ்டமர வளைச்சுப் போட்டுட்டல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. வெளிநாடு கிளம்பும்போதும் அவனிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

இங்கே வந்து முதல் வாரமே நாசம்.

தோல்வாரில் தீட்டி எடுக்கும் மடக்குக் கத்திதான் இந்தக் கடையிலும். ஊரில் பிடித்த அதே கத்தி, அதே கை. ஆனால் நான் தொட்ட முகமெல்லாம் சிவந்தது. கத்தி வழுக்கவில்லை, இழுத்தது. ஒருவர் பாதி ஷேவில் துண்டை வீசிவிட்டு எழுந்து போனார். இன்னொரு முறைப்பாடு வந்தால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவதாக மெனேஜர் சொல்லிவிட்டார்.

தீட்டினேன், தீட்டினேன்... இரண்டு நாள் அதே வேலை. அடுத்த ஆளின் கழுத்திலும் இரத்தம்.

வேறு யாரைக் கேட்பது? வெட்கத்தை விட்டு ரவிக்கு வீடியோ கோல் எடுத்தேன். எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

எடுத்தான். "என்னடா, மூஞ்சி இப்பிடிக் கெடக்கு?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழாத. கத்திய கை முடியில வச்சுக் காட்டு." காட்டினேன். சுத்தமாக வெட்டியது. "கத்தி சரி. எப்பிடிச் சாய்க்கிற?" அதையும் காட்டினேன். "அதுவும் சரிதான். சுடுதண்ணித் துணி வைக்கிறியா?" வைக்கிறேன் என்றேன்.

"அப்ப சோப்புப் பூசிக்கிட்டு அந்த நாற்காலியில ஒக்காரு. அசையாத."

உட்கார்ந்தேன். இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். நுரை சுண்ணாம்பு மாதிரி காய்ந்து வெடித்தது.

"தலைக்கு மேல என்னடா சத்தம்?"

"ஏசி."

உடனே போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தான். தன் முகத்தில் நுரை பூசி, ஃபேனை நேரே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் காத்திருந்த ஒருவர் என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். "டெஸ்ட் எகக், மஹத்தயா" என்றான், ஒரு டெஸ்ட்தான் ஐயா என்று. நுரை காய்ந்ததும் கத்தியை வைத்தான். முதல் இழுப்பிலேயே கன்னத்தில் இரத்தம்.

"இந்தா பாரு, எனக்கும் வெட்டுது! ஒன் கையில தப்பில்லடா, நுரதான் காயுது" என்று சிரித்தான். "ஒரு பக்கம் மட்டும் பூசு. வழிச்சு முடிச்சிட்டு அடுத்த பக்கம் பூசு. காத்த மேல திருப்பி விடு."

அன்று மாலை வந்த கஸ்டமர் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் என்னிடமே வந்தார். வேலை தங்கியது.

அதற்குப் பிறகு வாரா வாரம் பேசினோம். ஆனால் அந்த ஹாஜியார் விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. லீவில் போய் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்...

லீவு கேட்டேன். இப்போது முடியாதாம். ஊரில் நாளைப் பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம். விடாத மழை என்கிறார்கள். அவன் மகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

கொடகவெல பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து போங்கள். எனக்காகவும் ஒரு பிடி மண் போடுங்கள்.

ஹாஜியார் தானாகத்தான் வந்து உட்கார்ந்தார் மச்சான். எனக்கு அன்றைக்கே தெரியும்.

போய் வாடா ரவி.