காப்புக் கட்டிய வீட்டில் மாவுப்புழு

விடிந்ததும் சிவசக்தி அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் பேசினுக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். தவிட்டுக்குள் மாவுப்புழுக்கள் நெளிய வேண்டும். பிறகு ஈரத்துக்காகக் கேரட்டை நறுக்கிப் போடுவாள். தண்ணீர் வைத்தால் தவிடு பூஞ்சணம் பூத்துப் போகும். நேற்றைய துண்டுகளைப் பொறுக்கி, எச்சத்தைச் சலித்து, வண்டாகிவிட்டவற்றை முட்டையிடத் தனிப் பேசினுக்கு மாற்றி நிமிரும்போது இடுப்பு விண்ணென்று தெறிக்கும்.

அந்த இடுப்புக்காகத்தான் அவள் தேயிலைக் கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டுப் புழு வளர்க்க வந்தாள். பண்டாரவளையில் குருவிக் கடை வைத்திருக்கும் பஸீல் நானா குருவித் தீனிக்குக் கிழமைக்கு ஒருமுறை வாங்கிக்கொள்வார். அவர் விட்டுவிட்டால் கூடை மறுபடியும் தலையில் ஏறும். தெமோதரைத் தோட்டத்து மேட்டில் இன்னொரு மழைக்காலம் ஏறி இறங்க அவளால் ஆகாது.

மாசித் திருவிழாவுக்குக் கணவன் கணபதி காப்புக் கட்டினான். தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். காப்பு அவிழும்வரை வீட்டில் கவிச்சி இல்லை, உயிர்க்கொலையும் கூடாது.

"ஏங்க, நாளைக்கு நானாவுக்குப் புழு கொண்டு போகணும்," என்றாள்.

"குருவி திங்கவா? கையில மஞ்சக் கயிறு கட்டியிருக்கேன். இந்த வீட்டுலருந்து ஒரு உசுரு சாகப் போகக் கூடாது."

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கருப்பம்மா வாசலில் நின்று சிரித்தாள். "அதுகளுக்கும் ஒரு காப்புக் கட்டிவிடு சக்தி. விரதம் இருக்கட்டும்."

சிவசக்திக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி காரியத்தை மீற அவளுக்கும் பயம்தான். நாளைக்கு வர முடியாதென்று நானாவுக்குப் போன் போட்டாள்.

"திருவிழா முடிஞ்சு வாங்க தங்கச்சி. அப்பவும் வராட்டி வெலிமடை ஆள்கிட்ட எடுத்திருவேன். குருவிக்கு விரதம் தெரியாதே."

ஆனால் வளர்ந்த புழு காத்திராது, கூட்டுப்புழுவாகிவிடும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். குளிரில் வைத்தால் வளர்ச்சி மந்தப்படும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியிலிருந்த பேசின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பனி இறங்கும் முன்வாசல் சிமெந்தில் அடுக்கினாள். வலி தொடைவரை இறங்கியது. தவிட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது. புழுக்கள் அசையாமல் கிடந்தன. அதன் பிறகு கோயில் வேலை அவளை இழுத்துக்கொண்டது. மாவிடிக்கவும் பாத்திரம் விளக்கவுமே நேரம் சரியாய்ப் போயிற்று. விடியுமுன் போய் இருட்டியபின் திரும்பினாள்; வீட்டு அடுப்பைக் கணபதியே மூட்டிக்கொண்டான்.

தீச்சட்டி எடுத்து, காப்பும் அவிழ்ந்த மறுநாள் காலை முன்வாசலுக்கு வந்தாள். பேசின்களைக் காணோம்.

"உள்ள வச்சிருக்கேன்," என்றான் கணபதி. "புழுவெல்லாம் பனியில வெறச்சுக் கெடந்துச்சு. காப்புக் கட்டுன கையோட பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நீ வெளிய வச்ச அன்னைக்கே அடுப்போரமா வச்சு, ஒன் பழைய கம்பளியைப் போத்திவிட்டேன்."

கம்பளியை விலக்கினாள். பாதிக்குப் பாதி கூட்டுப்புழுவாகி வெள்ளையாய்ச் சுருண்டு கிடந்தன. மீதியைச் சலித்து டின்னில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸீல் நானா டின்னை ஆட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பாதிதான் இருக்கு?"

"மீதிக்கு எங்க வீட்டுக்காரர் போர்வை போத்திட்டார் நானா."

கதையைக் கேட்டு அவர் கூண்டுகள் அதிரச் சிரித்தார். "சரி, இத வச்சுச் சமாளிக்கிறேன். வார கிழமை டின் நிறையணும். இல்லாட்டி வெலிமடைதான்."

வீடு திரும்பியதும் சேலைகூட மாற்றாமல் பேசின் முன் உட்கார்ந்தாள். சின்னப் புழுக்கள் கூட்டுப்புழுக்களைத் தின்னத் தொடங்கியிருந்தன. பொறுக்கிப் பிரிக்காவிட்டால் வண்டும் மிஞ்சாது, புதுப் புழுவுக்கு முட்டையும் இல்லை. கணபதி வந்து எதிரே குந்தினான். கையில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

"இது செத்துருச்சா?"

"தூங்குது. அமுக்காம எடுத்து இந்தப் பக்கம் போடுங்க."

அவன் ஒன்றை எடுத்து வைத்தான். பிறகு இன்னொன்று. சிவசக்தி சுவரில் முதுகைச் சாய்த்து, கொஞ்ச நேரம் அவனைப் பொறுக்க விட்டாள். எதிரே ஆணியில் கூடை தொங்கியது.