மேக்கப் தேவைப்படாத பெண்

குவைத்தில், ஃபஹாஹீலில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். நான் நர்ஸ், கணவர் எண்ணெய்க் கம்பெனியில் டெக்னீஷியன். மற்றவர்கள் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர்க்கார இன்ஜினியர்கள்.

போன வருடம் என் மகள் பள்ளி லைப்ரரியிலிருந்து ஒரு ஆங்கில நாவல் கொண்டுவந்தாள். ஆஸ்திரேலியப் பழங்குடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கதை. சின்ன ஊர், வீடு நிறையப் பிள்ளைகள், ஓயாத சண்டையும் சிரிப்பும். அவள் கடைக்குப் போனால் கடைக்காரி பின்னாலேயே வருவாள், பையைத் திறந்து காட்டச் சொல்வாள். மகள் அந்தக் கடைக்காரி மாதிரியே மூக்கைச் சுருக்கிப் பேசிக் காட்டுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

புத்தகம் கைமாறி மூன்றாம் மாடி அம்மாவிடம் போனது. கட்டிடத்தின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவது அவர்தான். "படிச்சு அழுதுட்டேங்க. இந்த வருஷம் இதைத்தான் போடறோம்" என்றார்.

பாத்திரம் பிரிக்கிற அன்று என் மகள் முதல் ஆளாகக் கை தூக்கினாள். "ஆன்ட்டி, நான் கடைக்காரி பண்றேன். டயலாக் எல்லாம் தெரியும்."

"அதெல்லாம் வேண்டாம்டா செல்லம். நீதான் ஹீரோயின். உனக்கு மேக்கப் செலவே இல்ல பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது என் பல் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி தங்கைகளாக நடிக்கிற மூன்று பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் கொக்கோ பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, முகம், கழுத்து, கை எல்லாம் பூசினார்கள். உதட்டைப் பெரிதாக்க வேறு ஒரு பென்சில். ஒரு பையன் கண்ணாடியைப் பார்த்து, "ஐயே, இது கழுவினா போயிடுமா?" என்று அழ ஆரம்பித்தான்.

"போயிடும்டா கண்ணா, பயப்படாதே" என்றாள் அவன் அம்மா.

பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, புத்தகத்துல அவங்க எல்லாரும் ஒரே கலர் இல்ல. தங்கச்சி வெளுப்பு. அவ பையையும்தான் கடைக்காரி திறக்கச் சொல்றா. அதுதானே கதை?"

"ஆடியன்ஸுக்குப் புரியணும்ல?"

"அப்ப நான் பண்ணல."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அந்த அம்மாவிடம் சாரி கேட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். லிஃப்டில், "கொஞ்சம் அனுசரிச்சுப் போவக் கூடாதா? நாளைக்கு இவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்" என்றேன்.

"நீயும்தானே எனக்கு ஆறு வயசிலருந்து அந்த க்ரீம் தடவுன? எனக்கு எரியுதுன்னு சொன்னப்பவும் தடவுன."

சீழ் பிடித்த புண்களை வருடக்கணக்காகச் சுத்தம் செய்தவள் நான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அன்று என் விரல்களைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. வெள்ளையாக்கும் க்ரீம் வாங்கித் தடவியவளுக்கும் கொக்கோ பூசியவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விழாவுக்கு நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். ஹீரோயினாக வேறொரு பெண் கன்னங்கரேலென்று வந்து நின்றாள். கடைக்காரி திட்டத் திட்டக் கைதட்டல். முடிந்ததும் மூன்றாம் மாடி அம்மா மைக்கைப் பிடித்து, "நிறத்தை வெச்சு யாரையும் எடை போடக் கூடாதுன்னு நம்ம குழந்தைங்க அழகாச் சொல்லிட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடைக்குப் பின்னால் வாஷ்பேசினில் பழுப்பு டிஷ்யூக்கள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள், "போச்சு, போச்சு, நான் நார்மலாயிட்டேன்" என்று கத்தித் தேய்த்தார்கள்.

அங்கேயே அவரிடம் சொன்னேன். "நீங்க செஞ்சது அசிங்கம். என் மகளைச் சொன்னப்ப நான் சிரிச்சதும் அசிங்கம்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஐயோ, ஜோக்குக்குச் சொன்னதுங்க. நாங்க யாரும் உங்களை அப்படி நினைக்கவே இல்லயே? உங்க வீட்டு மீன் குழம்பு வாசத்தைப் பத்திகூட ஒரு நாள் பேசினதில்ல."

கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். மீன் குழம்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கட்டிடத்து விசேஷங்களுக்கு எங்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. கணவருக்கு அதில் வருத்தம்தான். மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். இன்னும் அவ்வளவுதான். நான் தலை வாரிவிடும்போது என் கை முகத்தருகே வந்தால் கொஞ்சம் பின்னால் நகர்கிறாள். தெரிந்து செய்கிறாளா என்று நான் கேட்டதில்லை.