மூன்று கால் கேரட்

பல்செட் அக்கா தன் தம்பியின் மண்டையைக் கேரட்டால் அடித்து உடைத்துவிட்டாளாம். எதிர்வீட்டுக்காரி சொன்னதாகத் தபால்காரர் சொன்னார். அக்காவிடமே கேட்டால், மண் சலிப்பதை நிறுத்தாமல், "அடிக்கலை, வீசினேன். அதுவும் படலை. அதான் ஆத்திரம்" என்கிறாள்.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவர் சாப்பிட முடியாமல் தவிப்பார். அதனால் கண்ணும் கையும் கூர்மை, நாக்கு அதைவிட. வேலை முடிந்து வந்தால் பால்கனியில் நீல டிரம்முக்கு முன்னால் குந்திவிடுவாள். அதில் கேரட். கல் தட்டினால் கிழங்கு கோணும் என்று மண்ணைச் சலித்தே நிரப்புவாள். முளைத்ததில் நோஞ்சான்களைக் கத்தரிக்கோலால் நறுக்குவாளே தவிர, ஒன்றைக்கூடப் பிடுங்கி வேறிடத்தில் நட மாட்டாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் தம்பி வந்தான். நெருக்கியடித்து நின்ற நாற்றுகளைப் பார்த்து மனசு கேட்காமல், எல்லாவற்றையும் பிடுங்கித் தொட்டிகளில் தனித்தனியே நட்டுவிட்டுப் போனான். மேலே பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அறுவடை செய்தபோது, ஒன்றுக்கு இரண்டு கால், ஒன்றுக்கு மூன்று கால், ஒன்று பின்னிக்கொண்ட விரல்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி அப்பாவை அழைத்துப்போக வந்து நின்றான். அவள் வீட்டில் மூன்று மாதம், அவன் வீட்டில் மூன்று மாதம் என்பது ஏற்பாடு.

"நெருக்கமா இருந்துச்சேக்கா. பாவம்னுதான் பிரிச்சு நட்டேன்."

"உன் பாவத்தைக் கொண்டுபோய் உடைப்பில போடு! கேரட்டு போட்ட எடத்துலயே வளரணும்டா. எடத்தை மாத்தினா இப்படித்தான், போற வழி தெரியாம காலைப் பரப்பும்."

"சமைச்சா எல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா!"

"சரி விடு. அப்பா பை எங்க? இனி என் முறை."

"முறையாம் முறை! அவரென்ன வாடகை சைக்கிளா? பாத்ரூம் சுவிட்சு எந்தப் பக்கம்னு இப்பத்தான் பழகறாரு. உடனே கிளப்பிடு! இனிமே எங்கயும் வரமாட்டாரு, போ."

"நீயே வச்சுக்கிட்டா நாலு பேரு என்னை என்னக்கா சொல்லுவாங்க?"

அப்போதுதான் மூன்று கால் கேரட் பறந்தது.

இன்று மறுபடியும் தம்பி கூப்பிடுகிறான். கைபேசி பால்கனிச் சுவர்மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. "அடிச்சு ஓயட்டும்" என்று சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டுகிறாள். உள்ளே அப்பா இருட்டான குளியலறை வாசலில் நின்று, மகன் வீட்டில் சுவிட்ச் இருக்கும் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுந்து கையைத் துடைக்கிறாள். பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி இளக்குகிறாள். கைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சுவிட்சின் மேல் மெழுகை அழுத்தி ஒட்டி, அப்பாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைக்கிறாள்.