ஏகாம்பரத்தின் காலுக்குப் போகாத காற்று

ஊரையெல்லாம் நடக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது, பிசியோதெரபிஸ்ட். பழவேற்காட்டில் சர்க்கரைக்காரர்களை நடக்கவைப்பது எத்தனை பெரிய பாடு என்று, வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூற்றெட்டு

தோணிரேவு மீனவர் ஏகாம்பரத்துக்குக் கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஏரியில் முறைவைத்துத்தான் வலைபோடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அவர் பாடு வர இன்னும் சில மாதம்தான். அதற்குள் கால் சரியாகாவிட்டால் மச்சானை அனுப்ப வேண்டும். அந்த நினைப்பே மனிதரைப் பாதி ஆளாக்கியிருந்தது.

பெரிய அடைப்பு இல்லை, நடக்கட்டும் என்று டாக்டர் என்னிடம் அனுப்பினார். விரலில் கருவி மாட்டினேன். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. "ரத்தத்துல நிறையவே இருக்கு. சர்க்கரையால பொடிக் குழாயெல்லாம் சரியா விரியல. அதான் உழைக்கிற தசைக்குப் போய்ச் சேரல" என்றேன்.

"தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கியும் பெயிலுன்றீங்களே, இன்னா மேடம் இது?"

காற்று வாங்கிய கால்

ஆக்சிஜன் புரியாதோ என்று, "காலுக்குக் காத்து பத்தல" என்று சொல்லித் தொலைத்தேன். மறுவாரம் வீட்டுக்குப் போனால், லுங்கியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, கடல்காற்றுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நடந்தால்தான் குழாய் விரியும் என்று மறுபடி பாடம் எடுத்தேன். அவர் மனைவி தேசம்மா பெருமூச்சு விட்டார்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், இந்தக் காத்து பத்தாது, ஃபேனைப் போட்டுக்கோன்னு."

யார் பாடு?

தேசம்மாவுக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது. இருவரையும் தினமும் டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் நடக்கச் சொன்னேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால், தேசம்மா மட்டும் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார். ஏகாம்பரம் மதிலில் சாய்ந்து டீ குடிக்கிறார். எனக்குக் கோபமாக வந்தது. "அவங்க நடந்தா உங்க கால் சரியாயிடுமா?" என்றேன்.

"முறைன்னா முறைதான் மேடம். இன்னிக்கு அவ பாடு."

வலை நாள்

அன்று நான் விட்ட டோஸில் ஏகாம்பரம் தினமும் நடந்தார். மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். பழகப் பழகக் குழாய்கள் விரியும், புதிதாகவும் முளைக்கும். மதில் மூலையில் நின்றுவிடுகிறவர் படகுத்துறைவரை போக ஆரம்பித்தார்.

அவர் பாடு வந்த அன்று நானும் கரைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நடுவில் சட்டென்று நின்றார். மறுபடி கால் பிடித்துக்கொண்டதோ என்று தண்ணீரோரம் ஓடினேன். உதவிக்கு மச்சான் தண்ணீரில் இறங்கினான். ஏகாம்பரம் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி வலையைப் பிடித்தார்.

"நீ ஏறு மச்சான், கரையில குந்திக் காத்து வாங்கு. இன்னிக்கு எம் பாடு!"

இப்போது எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது; என் பாடு எப்போது வரும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி காத்திருக்கிறேன்.