ஊரூர் ஓட்டத்தில் யார் முதல்?

நான் ஒரு காலத்தில் ஓட்டக்காரன் என்று சொன்னால் என் பேரன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் இந்த உடம்புதான் மயிலாப்பூரிலிருந்து ஊரூர்க் குப்பம் வரை வெறுங்காலோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. அதில் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்திருக்க வேண்டியவன். அந்த 'வேண்டியவன்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் அத்தனை ரகளை.

முப்பதுகளின் தொடக்கம். நான் நாலாவது ஃபாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஓட்டம் நடக்கும். டிரில் மாஸ்டர் அதை கிராஸ் கன்ட்ரி என்பார். பையன்களுக்கு அது ஊரூர் ஓட்டம். பள்ளிக்கூட வாசலில் விசில் ஊதியதும் கிளம்பி, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, தோப்புகளை ஒட்டி ஓடி, கடலோரத்துக் குப்பத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் பள்ளிக்கூடப் பியூன் உட்கார்ந்திருப்பார். வருகிறவன் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவார். அந்த நூலோடு திரும்பி வருகிறவர்களில் எவன் முதலோ அவனுக்கு வெள்ளிக் கோப்பை. கோப்பை ஒரு வருஷம் அவன் வீட்டில் இருக்கும். அவன் பெயரைப் பள்ளிக்கூட ஹாலில் இருந்த தேக்குப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள்.

கோப்பை எனக்குத்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, என் அம்மாவுக்கும் சந்தேகமில்லை. ஓட்டத்துக்கு முந்தின நாளே அம்மா கண்ணாடி பீரோவில் இடம் ஒழித்துவிட்டாள். அதுவரை அங்கே கொலுவிருந்த செட்டியார் பொம்மையும் செட்டிச்சி பொம்மையும் துணி சுற்றப்பட்டுப் பரண்மேல் போயின.

ஓட்டத்தில் நான்தான் முன்னால் போனேன். எனக்குப் பத்தடி பின்னால் அந்தோணி. அவன் ஊரூர்க் குப்பத்துப் பையன். அவன் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். பாதிரியார் ஒருவர் சொல்லி எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். பியூன் முதலில் என் கையில் நூல் கட்டினார், பிறகு அவன் கையில். திரும்பி வரும்போது பாலத்தின்மேல் வந்து பின்னால் பார்த்தேன். ஒரு ஈ, காக்கையைக் காணோம். அந்தோணி எங்கேயோ தடுக்கி விழுந்திருப்பான் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன், இப்போது எதற்கு மறைக்க வேண்டும்? கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, காலில் தைத்திருந்த முள்ளைக்கூட நிதானமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் அங்கே அந்தோணி நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறான்! கையில் சிவப்பு நூல். அரைக்கால் சட்டை தொடைவரை நனைந்திருந்தது.

விஷயம் இதுதான். அடையாறு கடலில் சேரும் இடத்தில், மழைக்காலம் போனால் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டுவிடும். அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போகலாம். பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் தூரத்தில் பாதிகூட இல்லை. போகும்போது எங்களோடு பாலத்தின் வழியாக வந்த அந்தோணி, நூலைக் கட்டிக்கொண்டதும் மணல்மேட்டில் இறங்கி நேரே அக்கரையில், மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் பக்கம் ஏறிவிட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

டிரில் மாஸ்டர் விதி எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். "ஊரூருக்குப் போய் நூல் கட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும்" என்பதுதான் அவர் எழுதிவைத்த விதி. எந்த வழியாக என்று அதில் இல்லை. பாலத்தை விட்டால் வேறு வழி இருக்கும் என்று மயிலாப்பூரில் யாருக்குத் தோன்றும்? நான் கத்தினேன். அந்தோணி கடலையைத் தின்று முடித்தான். கடைசியில் ஹெட்மாஸ்டர் வந்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. உங்களுக்காகப் பேசப் பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். கோப்பை அதுவரை அவர் மேஜைமேல் இருந்தது.

எனக்காகப் பேச ஆள் வீட்டிலேயே இருந்தார். என் சித்தப்பா வக்கீல். பி.எல். பாஸ் செய்து இரண்டு வருஷமாகிவிட்டது. தினமும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டிராம் ஏறி ஹைகோர்ட்டுக்குப் போவார், சாயங்காலம் திரும்பி வருவார். இடையில் வழக்கு என்று ஒன்று வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. "கோட்டுக்கு வெயில் காட்டிட்டு வர்றான்" என்பார் அப்பா. என் கேஸைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் மொட்டைமாடியில் நடந்து நடந்து தமக்குள்ளேயே வாதாடினார். அம்மா அவருக்கு மட்டும் காபியை இரண்டாம் முறையும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் சித்தப்பா கோட்டோடு வந்து நின்றார். அந்தோணி தனியாக வந்தான். அவன் அப்பா கடலில் இருந்தார்.

"ஏம்பா, ஏன் பாலத்து வழியா வரலே?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"அதான் சார் எங்க ரோடு" என்றான் அந்தோணி. "தெனம் அதுல தான் நான் இஸ்கூலுக்கு வந்துக்கினு கீறேன். மழைக்கு ஆறு மணல ஒடச்சிக்கினா மட்டும் தான் பாலத்த சுத்திக்கினு வர்றது."

ஹெட்மாஸ்டர் முகம் அவன் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், ஒருத்தர் நடந்துட்டா அது வழி ஆயிடாது. பொதுவழின்னா சர்க்கார் வேலையா போறவங்க கால் அதுல படணும். சர்வேயர் போகணும், போலீஸ் போகணும். மத்தவங்க நடக்கறது அவங்க சௌகரியம். அதைப் பழக்கம்னு சொல்லலாம், வழின்னு சொல்ல முடியாது. இந்தப் பையன் பழக்கத்துல ஓடிட்டான். என் கட்சிக்காரர் வழியில ஓடினார்."

என் கட்சிக்காரர்! பதின்மூன்று வயதில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. அடேயப்பா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான் என்று புளகாங்கிதப்பட்டுப் போனேன். ஹெட்மாஸ்டரும் தலையை ஆட்டினார். "நல்ல பாயின்ட்தான். ஆனா இடத்தைப் பார்க்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாளைக்குக் காலையில எல்லாருமா போய்ப் பார்த்துடுவோம்."

சனிக்கிழமை காலை நாலு பேரும் போனோம். ஹெட்மாஸ்டர் தலைப்பாகையும் குடையுமாக முன்னால் நடந்தார். பின்னால் சித்தப்பா, அன்றும் கோட்டோடு. அவருக்குப் பின்னால் அந்தோணி. கடைசியில் நான். மணல்மேட்டில் ஒரு பக்கம் ஆறு அசையாமல் கிடந்தது, மறுபக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். மீன்கூடையோடு நாலைந்து பெண்கள் எங்களைத் தாண்டி மயிலாப்பூர்ப் பக்கம் போனார்கள். "இன்னா சாமி, குடையோட கடல்ல குளிக்கப் போறியா?" என்று ஒருத்தி ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். அவர் கேட்காததுபோல் நடந்தார்.

"பார்த்தீங்களா சார், இதெல்லாம் பழக்கம்" என்றார் சித்தப்பா.

"ஆமாம், பழக்கம்தான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம். மனசுக்குள் தேக்குப் பலகையில் என் பெயரை எழுதிக்கொண்டே நடந்தவன், எதற்கோ ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாந்தோம் பக்கமிருந்து காக்கி உடுப்போடு ஒரு ஆள் மணலில் வந்துகொண்டிருந்தார். தலையில் பை. கழுத்தில் ஒரு ஜோடி செருப்பு தொங்கியது. தபால்காரர்! சர்க்கார் தபால்காரர்!

ஹெட்மாஸ்டரும் அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் தலையைத் திருப்பப் போனார்.

"சார்! சார்! அங்க பாருங்க, கப்பல்!" என்று கடலைக் காட்டிக் கூவினேன்.

ஹெட்மாஸ்டருக்குக் கப்பல் என்றால் உயிர். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். "எங்கேடா?"

"அதோ சார், நல்லாப் பாருங்க. புகை தெரியுது."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தபால்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓசைப்படாமல் போய்விடுவார் என்பது என் கணக்கு. அந்தோணியும் கடலைப் பார்த்தான். சித்தப்பாவும் ஒரு கணம் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்றார்.

"சார், கப்பல் எங்கேயும் ஓடிப் போயிடாது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. தபால்காரர் வர்றார்" என்றார்.

தபால்காரர் ஹெட்மாஸ்டருக்குப் பெரிய சலாமாகப் போட்டார். தினமும் இந்த வழியாகவா வருகிறீர் என்று கேட்டதற்கு, "தண்ணி வத்திட்டா இதாங்க ரோடு. பாலத்த சுத்திக்கினு போனா உச்சி வேளை ஆயிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஹெட்மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வக்கீல் சார், உங்க கட்சிக்காரர் தோத்துட்டாரே!"

"தோத்துட்டார் சார்" என்றார் சித்தப்பா. அவர் முகத்தில் வருத்தம் கடுகளவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

திங்கட்கிழமை பிரார்த்தனையின்போது கோப்பையை அந்தோணியிடம் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து எந்த வழியில் வேண்டுமானாலும் ஓடலாம், நூல் இருந்தால் போதும் என்று ஹெட்மாஸ்டர் விதியைத் திருத்தி எழுதிவிட்டார்.

அதற்கு முன்பே வீட்டில் பூகம்பம் நடந்து முடிந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷத்துல வந்தது ஒரு கேஸு. அதையும் எதிராளி கையில எடுத்துக் கொடுத்துட்டு வந்திருக்கே! தபால்காரன் போனா போறான்னு நீ பாட்டுக்குக் கம்முனு இருந்தா உனக்கென்ன?" அம்மா பரணிலிருந்து செட்டியாரையும் செட்டிச்சியையும் இறக்கி, டொக் டொக்கென்று பீரோவில் வைத்தாள். ரசம் சித்தப்பாவின் இலைக்கு வரத் தாமதமாயிற்று.

"தபால்காரர் வந்தார் அண்ணா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சித்தப்பா. நான் தூணைப் பிடித்துக்கொண்டு, கப்பல் விஷயம் எப்போது வெளியே வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் அதை மறந்தே போய்விட்டார் என்று தெரிந்ததும், தைரியமாக அவர்மேல் கோபப்படத் தொடங்கினேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். சாயங்காலம் பொரி உருண்டை வாங்கி வந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் போனபிறகு தின்றேன்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் அந்தோணி நின்றான். பக்கத்தில் அவன் அப்பா. அவர் கையில் ஓலையில் சுற்றிய ஒரு முழ நீள வஞ்சிரம்.

"இங்க ஒரு வக்கீலு கீறாராமே" என்றார். "எங்க ஆளுங்க ஆத்து வாயிக்குப் போற பாதையில தோப்புக்காரரு முள்வேலி போட்டுட்டாருங்க. கேஸு போடணும்."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏம்பா, ஹைகோர்ட்டுல எத்தனையோ வக்கீல் இருக்காங்க. இவனை யார் சொன்னது?"

"பையன் தான் சொன்னான். சொந்த வூட்டுப் பிள்ளைக்கே பொய் பேசாத வக்கீலாம். அது மாதிரி ஒரு ஆளு தாங்க வோணும். எங்க கிட்ட பத்திரம் இல்ல, ஒன்னும் இல்ல. நடந்த காலு தான் கீது. இவரு சொன்னா ஜட்ஜு நம்புவாரு."

"பொய் பேசறதுக்குத்தானே வக்கீல் வைக்கிறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா உள்ளே போனார். அம்மா மீனை வாங்கிச் செவுளைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. வந்தவர்களுக்குக் காபி வந்தது, சித்தப்பாவுக்கும் வந்தது. சித்தப்பா கூடத்தில் பாய் விரித்து அவர்களை உட்காரவைத்து, ஒரு புது நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் அந்தோணியின் அப்பா பெயரை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். அவருடைய முதல் வழக்கு அது. குப்பத்துக்காரர்கள் அதில் ஜெயிக்க மூன்று வருஷம் பிடித்தது, ஆனால் ஜெயித்தார்கள்.

அன்று நானும் பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். கோபம் இருந்தாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? அந்தோணி என் பக்கம் நகர்ந்து வந்தான். குப்பத்துப் பையன்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது. அலைச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை.

"டேய், அன்னிக்கு நீ இன்னாடா கப்பலு காட்டின? நானும் தேடிப் பாத்தேன். கடல்ல ஒன்னுமே இல்லியே!"

"உஷ்!" என்று அவன் தொடையைக் கிள்ளினேன். சித்தப்பா ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. வேலி எத்தனை அடி உயரம், எந்தப் பக்கம் படல் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்று அன்று நான் முடிவு செய்தேன். பாவமாகவும் இருந்தது. இந்தக் காதை வைத்துக்கொண்டு இவர் கோர்ட்டில் எப்படிப் பிழைக்கப்போகிறாரோ என்று கவலைப்பட்டேன். அன்றே என் கோபத்தை விட்டுவிட்டு அவரோடு மறுபடி பேசத் தொடங்கினேன், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே.