பெருவிரலைப் பார்த்த கண்கள்

எனக்கு விளங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனுசி சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காதவள் போல நின்றேன். அதனால் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமற் போனது.

இதை வாசிக்கத் தொடங்கும்போதே என்னை மன்னிக்க ஆயத்தமாகியிருப்பீர்கள், தெரியும். வாசிக்கிற ஆட்களுக்கு மன்னிப்பது ஒரு பொழுதுபோக்கு. கொஞ்சம் பொறுங்கள்... அதை உங்களுடைய பைக்குள்ளேயே வைத்திருங்கள். கால் உங்களுடையதல்ல.

நான் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவில் வளர்ந்தவள். மூன்று வயதில் அம்மா என்னை யாழ்ப்பாணத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, அங்கே சீசா என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இறக்கிவிட்டார். அம்மாவுக்குச் சிஞ்ஞோராக்களின், அதுதான் இத்தாலிய வீட்டுக்காரிகளின், வீடுகளில் துடைப்பு வேலை. எனக்கு அதைவிடக் கேவலமான ஒரு வேலை கிடைத்தது. ஒன்பது வயதில் நான் சீசாவிலிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் நாக்கானேன்.

பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்குப் போவதென்றால் தர்ஷினியைக் கூப்பிடு. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கடிதம் கொடுத்துவிட்டால் தர்ஷினியைக் கூப்பிடு. ஒரு அன்ரியின் மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப்போனது என்பதை ஓர் அந்நிய ஆணுக்கு நான் இத்தாலியனில் சொன்னேன். மாதவிலக்கு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பத்து வருடம், பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் பொன்ஜோர்னோ என்ற ஒரு வணக்கத்தைத் தாண்டாத ஆட்கள்! வாய் நிறையக் கதைப்பார்கள், யாரின் மகள் யாரோடு போனாள், யார் வீட்டில் எத்தனை பவுண். வெளியே காலை வைத்தால் ஒரு சிறுபிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். நான் அவர்களை வெறுத்தேன். அவர்கள் தந்த ரொபியை வாங்கித் தின்றுகொண்டே வெறுத்தேன்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாட்டுச் சொல்ல உங்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

அம்மாவோடு படிக்கட்டுக் கழுவும் வேலைக்குப் போன தேவி அன்ரி சறுக்கி விழுந்து தோளை அடித்துக்கொண்டார். எங்கள் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தோளை அமுக்கி, வலிக்கிறதா என்று இத்தாலியனில் கேட்டார். அன்ரி, "நோ... நோ..." என்று முனகினார். டாக்டர் திருப்தியோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அன்ரி, "ஐயோ, நோ!" என்று கத்தினார். வலி இல்லை என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொத்தோரே, எங்கட பாஷையில நோ எண்டால் வலி," என்றேன் இத்தாலியனில். யாழ்ப்பாணத்து ஆட்கள் அப்படித்தானே கதைப்போம்... கால் நோ, நாரி நோ, கையெல்லாம் நோ. டாக்டர் என்னைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், எழுதியதை வெட்டினார். பிறகு அந்தச் சொல்லைத் தானும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

ஆக, ஒன்பது வயதிலேயே எனக்கு இது தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

தாதிப் படிப்பைப் பலேர்மோவில் படித்தேன். சோதனை எழுதி, விசாவுக்குக் காத்துக்கிடந்து அமெரிக்கா போனேன். ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் கட்டுண்டு வேலை செய்த பிறகு ட்ராவல் நேர்ஸ் ஆனேன். ஆள் பற்றாக்குறையான ஆஸ்பத்திரிகளுக்குப் பதின்மூன்று கிழமை, பதின்மூன்று கிழமையாகப் போய் வேலை செய்யும் நேர்ஸ். எல்லாரும் அதில் அலைச்சலைத்தான் சொல்வார்கள். எனக்கு அது சொர்க்கம். யாரும் என்னை அறிய முன்னமே நான் போய்விடுவேன்.

கடைசியாகப் போனது அலபாமாவில் ஒரு சிறிய நகரம். சீனியைக் கரைத்துத் தேத்தண்ணியென்று குடிக்கிற, எல்லாரையும் தேனே, கண்ணே என்று கூப்பிடுகிற ஊர். சட்டையில் குத்தும் அட்டையில் என் பெயர் டினா. எந்த ஊர் என்று கேட்டார்கள். பலேர்மோ என்றேன். அது பொய்யில்லையே! என் நிறத்தைப் பார்த்துத் தயங்கியவர்களிடம், சிசிலியில் வெயில் அதிகம் என்றேன். அதையும் நம்பினார்கள். இத்தாலிக்காரி வந்திருக்கிறாள் என்று என்னிடம் பாஸ்தா செய்முறை கேட்டார்கள். அம்மாவின் சிஞ்ஞோராக்கள் செய்வதைப் பார்த்ததைச் சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் முதன்முறையாக நான் யாருடைய நாக்குமில்லை.

ஒன்பதாவது கிழமையில் ஈஸ்வரி வந்தார்.

பருத்தித்துறைக்காரி. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர். பிறந்து ஒன்பது நாளான குழந்தையின் துணிகளைத் தோய்க்கக் கொண்டுபோகையில் படியில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் முறிந்து, முதல்நாள் பின்னேரம் தகடு வைத்திருந்தார்கள். மகள் பச்சை உடம்புக்காரி, வர முடியாது. மருமகன் வேலை முடிந்துதான் வருவான். ஷெல்லி என்ற நேர்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டாள்.

காலையில் நாங்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நின்றபோது ஷெல்லி என்னைப் பார்த்து, "டினா, உனக்கு அவளுடைய பாஷை தெரியுமா? அவள் கொஞ்சம் உன்னைப் போல இருக்கிறாள்," என்றாள். கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை தெரிந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. சீசாவிலிருந்த அத்தனை அன்ரிமாரும் அந்தக் கட்டிலில் ஒன்றாகப் படுத்திருப்பதாக எனக்குப் பட்டது. இஞ்சையும் வந்திட்டீங்களோ...

"தெரியாது. நான் இத்தாலியன்," என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சில்லு வைத்து உருட்டுகிற வீடியோத் திரை ஒன்று அங்கே இருந்தது. தமிழுக்கு ஆள் வர நேரமெடுக்கும் என்று அது சொன்னது. ஷெல்லி அதைச் சுவரோடு தள்ளிவிட்டாள். "தேவையில்லை. வலியா என்று கேட்டால் நோ என்கிறாள். அந்த அளவு ஆங்கிலம் இருக்கிறது. மற்ற நேரம் ஓம், ஓம் என்று தியானம் செய்கிறாள். நல்ல அமைதியான நோயாளி," என்றாள்.

தியானம்! ஒரு யாழ்ப்பாணத்து மனுசி ஆம் என்று தலையாட்டுவதைத் தியானம் என்றாள் அந்த மடைச்சி. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாய் கசக்கிறது. மடைச்சி அவளா, நானா? அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மத்தியானம் ஷெல்லி சாப்பிடப் போனாள். அரை மணித்தியாலம் அவளுடைய நோயாளிகள் என் பொறுப்பு. உள்ளே போனேன். ஈஸ்வரி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். மேல் உதட்டில் வியர்வை.

"பிள்ளை... கால் நோ. தாங்கேலாத நோ. பெருவிரல் விறைச்சுப் போச்சு."

என் கண்கள் பெருவிரலுக்குப் போயின. நான் போகச் சொல்லவில்லை, அவை தாமாகவே போயின. விரல் வெளிறி, வீங்கி, துணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முறிந்த காலுக்குள் வீக்கம் அடைபட்டு இரத்தத்தை நெரித்தால், அதை முதலில் காட்டிக்கொடுப்பது வலி. மருந்துக்கு அடங்காத வலி. அதன் பிறகு விறைப்பு. உடனே திறந்துவிட்டால் கால் தப்பும், சில மணித்தியாலம் பிந்தினால் தப்பாது. இதெல்லாம் எனக்குப் பாடமாகவே தெரியும், சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.

நான் என்ன செய்தேன்? அலபாமாக்காரியின் இழுவையில், "வலி இருக்கா, தேனே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஓம், ஓம்... நோ. சரியான நோ," என்றார், ஆராவது கேட்டார்களே என்ற ஆறுதலோடு.

வலி: பூச்சியம். விசையை என் விரலால் அழுத்தினேன். கணினியில் ஷெல்லியின் மூன்று பூச்சியங்களுக்குக் கீழே என்னுடையதும் ஏறியது.

ஏன்? தமிழ் தெரியுமென்று சொல்லாமலே காப்பாற்றியிருக்கலாம்! இந்த மனுசியின் முகம் சரியில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி போதும். அதைக்கூட ஏன் சொல்லவில்லை? காலையில் சொன்ன பொய் பிடிபடும் என்ற பயமா? இல்லை... பயத்தைச் சொன்னால் நீங்கள் இரங்குவீர்கள். உண்மை அதைவிட அசிங்கம். எங்கட ஆக்கள் எப்பவும் இப்பிடித்தான், ஒன்றுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுவினம் என்று நினைத்தேன். ஷெல்லி வந்து பார்க்கட்டும், எனக்கென்ன என்று நினைத்தேன். இனி ஒருத்திக்கும் நாக்காக மாட்டேன் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து அறைக்குப் போய் ஒரு வெள்ளைக் கிழவருக்குத் தலையணை சரி செய்தேன். அவர் என்னை ஏஞ்சல் என்றார்.

மூன்றரைக்கு மருமகன் வந்தான். உள்ளே போனவன் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான். அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். அன்றைக்கே அந்தக் காலைத் திறந்தார்கள், அடுத்த நாளும் திறந்தார்கள். மூன்றாம் நாள் வெட்டினார்கள்.

ஷெல்லியை விசாரித்து வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். நோயாளி நோ என்று சொன்னாரா? சொன்னார் என்றேன். அதுவும் பொய்யில்லை, பார்த்தீர்களா... ஷெல்லி அழுதபோது கட்டிப்பிடித்து முதுகைத் தடவிவிட்டேன்.

அவளுக்குப் பதிலாக ஈஸ்வரியை என்னிடம் தந்தார்கள். முதல்நாள் உடம்பு துடைத்துவிடும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் கதைத்தார்.

"நான் பெருவிரல் எண்டு சொன்னன். நான் கை காட்டேல்லை. நீர் பெருவிரலைத்தான் பாத்தனீர்."

துணியைத் தண்ணீரில் பிழிந்தேன்.

"உமக்கு விளங்கினது பிள்ளை. ஏன் நீர் சொல்லேல்லை?"

அந்த நேரத்திலாவது... ஒரு சொல், அம்மா என்று ஒரு சொல்! நான், "மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை," என்றேன். ஆங்கிலத்தில்.

"ஓம்," என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பதினொரு நாள் நான் அவருக்கு மருந்து கட்டினேன். அவர் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. வலித்தபோதும் வாய் திறக்கவில்லை.

பதின்மூன்று கிழமை முடிந்ததும் திரும்பி வந்தேன். இப்போது மறுபடியும் சீசா, அதே மூன்றாம் மாடி. அம்மா இங்குள்ள ஆட்களிடம், மகள் அமெரிக்கா வேண்டாமென்று தன்னைப் பார்க்க வந்திட்டாள் என்று சொல்லித் திரிகிறார். அதையும் மறுக்கவில்லை.

போன மாதம் அம்மாவின் முழங்காலைக் காட்ட அதே தெருமுனை டாக்டரிடம் போனோம். ஓய்வுபெறப் போகிற மனுசன், டையில் சோஸ் கறை, வாயில் பெப்பர்மிண்ட். பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முழங்காலை அமுக்கினார். "நோ, தொத்தோரே," என்றார் அம்மா.

டாக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "கவனி. இவர்கள் நோ என்றால் இல்லை என்று எழுதிவிடாதே. வலிக்கிறது என்று அர்த்தம். இருபத்தைந்து வருடமாக நான் ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. எனக்குச் சொல்லித் தந்தது இவள்தான்," என்று மேசை உயரத்துக்குக் கையைக் காட்டினார். "இவ்வளவுதான் இருந்தாள்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். கறைபிடித்த டை கட்டிய அந்த மனுசன் ஒரு சிறுபிள்ளையிடம் ஒருதரம் கேட்ட சொல்லை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஒரே பெருமை. ஏறிய ஆட்களெல்லாம் தன்னைப் பார்ப்பது போல நிமிர்ந்து இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, நீ வேலை செய்த இடத்தில எங்கட ஆக்கள் ஆரும் வந்தவையே?"

"இல்லை," என்றேன்.

"பாவம்," என்றார் அம்மா. "வந்திருந்தால், நீ நிக்கிறாய் எண்டு அவைக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்."