ஷெட்டில் பூட்டியிருந்த கட்டைகள்

எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. திருவிதாங்கூரில் இருந்த எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன்தான் நானும். என் ஆத்திரம் போராட்டத்தின் மேல் அல்ல, என் முதலாளியின் மேல்.

அவருடைய லாரியை நான் ஓட்டினேன். வெள்ளறடையிலிருந்து பாறசாலைக்கு மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வருவோம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு பலாக்கட்டை, சிவப்பு விளக்கு, மணல் வாளி, மருந்துப்பெட்டி இவையெல்லாம் லாரியில் இருந்தே ஆக வேண்டும். முதலாளிக்கு லாரிகள் பல. சாமான் மட்டும் ஒரே ஒரு செட். எந்த லாரி சர்க்கார் சோதனைக்குப் போகிறதோ, ஷெட்டைத் திறந்து அதில் ஏற்றுவார். திரும்பியதும் இறக்கிப் பூட்டிவிடுவார். கேட்டால், "ரோட்டுல கொண்டு போனா களவு போவும் மக்கா" என்பார். அந்தக் கட்டைகளுக்குப் பெயின்ட் வேறு அடித்திருந்தார். எங்களுக்குச் சாலையோரக் கல்தான் கதி.

ஒரு மழை நாளில் வெள்ளறடை ஏற்றத்தில் இன்ஜின் நின்றது. முழுப் பாரம். பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் நகர்ந்தது.

"அண்ணே, கல்லு போடும்!" என்று கத்தினேன்.

கிளீனர் என்னைவிட மூத்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். குதித்து இறங்கிக் கல்லை வைத்தார். ஈரக்கல் வழுக்கியது. சக்கரம் அவருடைய வலது பாதத்தின் மேல் ஏறியது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அவர் கண் திறந்து பேசத் தொடங்கிய பிறகுதான் முதலாளி வந்தார். கையில் ரோஜா மாலை. அன்று சாயங்காலம் பாறசாலையில் போராட்டக் கூட்டம், அவர்தான் முக்கியப் பேச்சாளர்.

"போலீசு அடிச்சு காலு போச்சுன்னு மேடையில ஒரு வார்த்தை சொன்னா போரும். தூக்கிட்டுப் போவ ஆளு உண்டு. ஊரே ஒனக்க பின்னால நிக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. உண்மையாகவே அடிபட்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் பட்ட அடியை எடுத்துத் தன் கஞ்சத்தனத்துக்குப் போர்த்தப் பார்த்தார் இந்த மனிதர். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கிளீனரே பேசிவிட்டார்.

"எனக்க காலை எடுத்தது போலீசு இல்ல மொதலாளி, கட்டை இல்லாத ஒங்க லாரியாக்கும். மாலை கெடக்கட்டும். மொதல்ல கட்டைய லாரியில போடுங்க. நாளைக்கு வேற ஒருத்தன் எறங்குவான்."

முதலாளி மாலையைக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டுப் போய்விட்டார். கூட்டத்தில் தொழிலாளியின் உயிரைப் பற்றித்தான் பேசினாராம். நல்ல கைதட்டல் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை லாரியில் புதுக் கிளீனர் உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் பூட்டு தொங்கியது. நான் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கட்டை இல்லை. நல்ல பெரிய கல்லாகத் தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கல்லைச் சுமந்துகொண்டு போய் முதலாளியின் மேசைமேல் வைத்தேன். அதோடு அவருடைய லாரியை நான் தொடவில்லை.